காற்றில்லாமல் ஆடிய கல்

முத்துராமன் எங்கள் கடைக்குள் முதல் தடவை நுழைந்தபோது, இந்த ஆள் எதையோ திருடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சையது அல்வி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் வாப்பா ஜமால் முகம்மது பயணப் பெட்டிகள் விற்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாப்பா லுஹர் தொழப் போயிருந்தார், கல்லாவில் நான் இருந்தேன். அந்த மனிதர் ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார், கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார், தையலுக்குள் நகத்தை விட்டு நெம்பினார். பத்து நிமிஷம் போன பிறகும் விலை கேட்கவில்லை. விலை கேட்காமல் சரக்கைத் தடவுகிற ஆளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது கடைக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் சம்பாத்தியமும் சந்தேகத்தில்தான் நடக்கிறது. நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்து நடந்துவிட்டது என்று ஜனங்கள் எழுதி அனுப்பும் காகிதங்களைப் படித்து, எது நடந்திருக்க முடியாது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற குணம் என்னிடம் கிடையாது. அதை மறைத்துப் பேசவும் எனக்குத் தெரியாது.

கடைக்கு மேலே சரக்கு அடுக்கும் அறை இருக்கிறது. ஞாயிறு தோறும் அங்கே நாங்கள் மூன்று பேர் விளையாடுவோம். நான், என் தம்பி யாசர், தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் சிநேகிதி யாமினி. கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடுகிற மாயாஜால விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். நடத்துவது எப்போதும் நான்தான். அன்றைக்கு யாசருடைய மந்திரவாதி ஒரு கற்பாலத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டிருந்தான். நான் பாதியில் கீழே இறங்கி வந்துவிட்டேன். அவனுக்குப் பொறுமை இல்லை. தூக்கு, இன்னும் தூக்கு, அப்படியே பிடி, கீழே யார் நின்றாலும் பரவாயில்லை என்று அவன் போட்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டது.

அந்த மனிதர் பெட்டியை வைத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மேல என்ன மேடம் தூக்குறாங்க? சிக்னல் குடுக்க ஆள் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் படியேறிவிட்டார். திருடனுக்கு மாடியில் கூட்டாளி இருக்கிறானோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால், வாசற்படியில் வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, அசையாமல் நிற்கிறார். அவர் வேலை பார்க்கும் பட்டறையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தமாம். எதிரே யாசரும் யாமினியும் கையில் பென்சிலோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் நாலு பகடையும் ஒரு பாக்கெட் மரவள்ளிச் சிப்ஸும் இருந்தன.

அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் லிஃப்டிங் சூப்பர்வைசர். பாரந்தூக்கி எதைத் தூக்குவதென்றாலும் எப்படிக் கட்டுவது, யார் எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கம்பிவடம் கட்டும் கூலியாளாக இந்த நாட்டுக்கு வந்து, தேர்வுகள் எழுதி, இந்த நிலைக்கு வந்தவர். புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீட்டில் அறை எடுத்து இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். மனைவியும் ப்ளஸ் டூ படிக்கும் மகளும் ஊரில். இதெல்லாம் அவர் மெல்ல மெல்லச் சொன்னது.

சொல்லாமல் வைத்திருந்தது வேறு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது என்றாலும். அதற்கு முந்தின மாதம் அவருடைய பட்டறையில் ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கும்போது பலமான காற்று அடித்தது. நிறுத்து என்று இவர் கையை நீட்டினார். ஒரே ஒரு தடவைதானே, முடித்துவிடு என்றார் மேனேஜர். இவர் கையை இறக்கினார். தகடு ஆடி, ஓரக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஹனீபா என்ற தோப்புத்துறைப் பையனின் தொடையெலும்பை நொறுக்கியது. பிறகு கம்பெனி ஒரு காகிதம் தயாரித்தது. அன்றைக்குக் காற்றே இல்லை, தகடு தானாக ஆடியது, ஹனீபா நிற்கக் கூடாத இடத்தில் போய் நின்றான் என்று அதில் எழுதியிருந்தது. முத்துராமன் அதில் கையெழுத்துப் போட்டால் அவருடைய வேலை பாஸ் புதுப்பிக்கப்படும். பழி ஹனீபாவுக்குப் போகும், விதியை மீறினவன் என்ற பெயரோடு அவன் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். போடாவிட்டால் இவர் கிளம்பவேண்டியதுதான். இதை அவர் மூன்று மாதம் இழுத்தார். அந்த மூன்று மாதமும் ஞாயிறு மத்தியானங்களில் என் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாளே சிப்ஸை எடுத்துக் கொறித்தபடி யாசரிடம் கேட்டார், அந்தப் பாலம் எவ்வளவு எடை என்று. யாசர் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னான். தூக்கியாகிவிட்டது சரி, இப்போது அந்த எடை எங்கே என்றார் அவர். மந்திரம் என்றான் யாசர். மந்திரம் சரி, எடை எங்கே என்று திரும்பக் கேட்டார். யாசர் வங்கியில் கணினி வேலை பார்க்கிறவன், வாதாடுவதில் சளைக்க மாட்டான். வாரம் ஐந்து நாள் பிசிக்ஸ் உள்ள உலகத்தில் எம்ஆர்டி ரயில் பிடித்துப் போய் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் அதுவே வேண்டுமென்றால் இங்கே எதற்கு வருகிறேன் லா என்று சண்டை பிடித்தான். யாமினி நடுவில் நின்றாள். மந்திரம் நம் உலகத்து விதியை மீறலாம், ஆனால் தன்னுடைய விதியை மீறக் கூடாது, இல்லாவிட்டால் பிள்ளைகள்கூட விளையாட மாட்டார்கள் என்றாள்.

முத்துராமன் இருவரையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "எடை எங்கயும் போகாது மேடம். ஒருத்தர் தலையிலேர்ந்து இன்னொருத்தர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். யார் தலைக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, அப்புறம் என்ன மந்திரம் வேணாலும் போடட்டும்."

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும். நியூட்டனில் ரயில் மாறி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், மூன்று மணிக்கு டாண் என்று வந்து நிற்பார். வாப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு வரும் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து இருபத்தெட்டு கிலோ என்பார். தராசில் வைத்தால் இருபத்தெட்டேகால் காட்டும். வாப்பா அதை வேடிக்கையாக எல்லோருக்கும் காட்டுவார். மற்றபடி அவரிடம் விசித்திரங்கள் நிறைய இருந்தன. எதற்கும் அடியில் போக மாட்டார். அடுக்குமாடிகளில் துணி காயும் மூங்கில் கழிகளுக்குக் கீழே நடக்க மாட்டார். சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையை விட்டுவிட்டு, வெயில் அடித்தாலும் ஓரத்து மேசையில்தான் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கை வைத்துக்கொள்வார். எங்கள் அறையிலும் அலமாரிக்கு மேல் அடுக்கியிருந்த பெட்டிகளை எல்லாம் முதலில் இறக்கிவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

விளையாட்டில் அவருக்கு ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. மந்திரவாதியா, வாள்வீரனா என்று கேட்டேன். இரண்டும் வேண்டாம், கயிறு பிடிக்கிற ஆள் போதும் என்றார். பெயர் ஹனீபா என்றார். எனக்குச் சுருக்கென்றது. அறந்தாங்கி முத்துராமன் எங்கள் மேசையில் உட்கார்ந்து எங்கள் முஸ்லிம் பெயரை ஒரு கூலிக்காரனுக்கு வைக்கிறாரே, கிண்டலா என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் அந்த மாதிரி நேரங்களில் கேட்க மாட்டேன். மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்வேன்.

அவர் வந்த பிறகு விளையாட்டு நன்றாகத்தான் ஆயிற்று. அதுவும் எனக்கு எரிச்சல். மந்திரத்தால் தூக்குகிற எடை தூக்குகிறவன் முழங்காலில் இறங்கும் என்று ஒரு விதி கொண்டுவந்தோம், அவர் வற்புறுத்தியதால். யாசருடைய மந்திரவாதி நாலு வாரத்தில் நொண்ட ஆரம்பித்தான். முன்பெல்லாம் கண்டபடி மலையைப் பெயர்த்தவன், இப்போது ஒரு கதவைத் தூக்குமுன் யோசித்தான். யாமினி கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்டாள். மூன்று வருஷமாக நான் நடத்திய விளையாட்டில் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஆனால் அந்த ஆள் ஏதோ நோக்கத்தோடு வருகிறார் என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. கேள்வி எப்போதும் ஒன்றைச் சுற்றியே வந்தது. தொங்குகிற பாரம் எப்போது ஆடும். ஆடினால் எந்தப் பக்கம் போகும். யாரும் தள்ளாமல், காற்றும் இல்லாமல் ஆடுவதற்கு ஏதாவது மந்திரம் உண்டா. உண்டு என்று யாசர் உற்சாகமாக ஏதாவது அளந்தால், அது எப்படி என்று குடைவார். பதில் சரியாக வராவிட்டால் அவர் முகம் தொங்கிப்போகும். தோற்றவர் முகம் போல இருக்கும். சந்தோஷமாக ஆடிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தால் ஜன்னலுக்குப் போய், சரி சார், யோசிக்கிறேன் சார் என்று ரகசியக் குரலில் பேசுவார். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

அவரிடம் ஒரு நோட்டும் இருந்தது. பட்டறையில் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கூடிப் பேசி, அதை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆட்டத்தையும் எழுதி, கடைசியில் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக்கொள்வார். யாசருக்கும் யாமினிக்கும் அது வேடிக்கை. நான் கடமைக்குக் கிறுக்கிக் கொடுப்பேன். எதற்குக் கையெழுத்து, இதை எங்கே காட்டப்போகிறார் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு அவர் தே வாங்கக் கீழே போயிருந்தபோது அந்த நோட்டைத் திறந்தேன். நியாயமான காரியம் இல்லை, தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். சங்கிலியில் தொங்கும் ஒரு பலகை, நாலு மூலையில் நாலு ஆட்கள், அம்புக்குறிகள், ஒரு மூலையில் பெருக்கல் குறி போட்டு ஹனீபாவின் இடம் என்று எழுதியிருந்தது. அது பட்டறையின் படம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போது என் பையில், அடுத்த ஆட்டத்துக்காக நான் எழுதி வைத்திருந்த காகிதங்கள் இருந்தன. அதில் ஒரு பாதாள மண்டபமும், சங்கிலியில் தொங்கும் ஒரு கற்பலகையும் வருகின்றன. என் காகிதத்தை இந்த ஆள் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டார், பொறி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து முன்கூட்டியே திட்டம் போடுகிறார் என்று முடிவுகட்டினேன். மூன்று மாத சந்தேகமும் ஒரேயடியாக ருசுவாகிவிட்டது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

பொங்கோலில் இருக்கும் என் வீட்டுக்குப் போனதும் மண்டபத்தை மாற்றி எழுதினேன். அவர் நோட்டில் பார்த்த படத்தின்படியே ஆட்களை நிறுத்தினேன். ஹனீபாவுக்குப் பெருக்கல் குறி போட்ட அதே மூலை. பாதுகாப்பான இடம் என்று நினைத்து அங்கே வரட்டும், ஒரு பாடம் கற்பிக்கலாம் என்று.

அடுத்த ஞாயிறு ஆட்டம் அந்த மண்டபத்துக்கு வந்தது. நான் வர்ணிக்க வர்ணிக்க முத்துராமனின் கை பென்சிலை விட்டுவிட்டது. காற்று உண்டா என்று கேட்டார். பாதாளத்தில் ஏது காற்று, ஒரு பொட்டுக்கூட இல்லை என்றேன். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஹனீபா மூலையில் நிற்கிறான், கயிற்றைப் பிடித்திருக்கிறான் என்றார். பகடையைக்கூட உருட்டவிடாமல், பலகை ஆடி நேரே ஹனீபா மேல் போய் மோதுகிறது என்று சொன்னேன்.

"காத்து இல்லன்னீங்களே மேடம்."

"இல்ல."

"யாரும் தள்ளவும் இல்ல. அப்போ எப்படி ஆடுச்சு?"

திருடிப் பார்த்துவிட்டு என்னிடமே கேள்வியா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆடுச்சுன்னு நான் சொல்றேன், ஆடுச்சு. இது என் மேசை. நான் எழுதுனதுதான் நடந்தது. ஹனீபா அந்த எடத்துல போய் நின்னது அவன் தப்பு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்து, உங்களுக்கும் சம்மதமா என்று கேட்டார். யாசர் போனை எடுத்துக்கொண்டான். யாமினி என் முகத்தைப் பார்த்தாள். முத்துராமன் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. ரொம்ப நன்றி மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு நாசி லெமாக் சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. தோல்வியைத் தாங்காத ஆள் என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா மூன்று மணி ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாசருடைய மந்திரவாதி முழங்கால் சரியாகி, மறுபடி மலைகளைப் பெயர்க்க ஆரம்பித்தான். யாமினிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலைகள் வந்தன.

நாலாவது ஞாயிறு, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு ஒரு பையன் கடைக்குள் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மேலே விளையாடுகிற லாத்தா நீங்கள்தானா என்று அக்கா முறை வைத்துக் கேட்டான். ஆமாம் என்றேன். தன் பெயர் ஹனீபா என்றான். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நாற்காலி போட்டேன். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, தகடு, காற்று, காகிதம் எல்லாவற்றையும் அவன்தான் சொன்னான். அந்தக் காகிதம் மட்டும் என் ஆபீஸ் மேசைக்கு வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பொய் என்று எழுதி அனுப்பியிருப்பேன். காற்றில்லாமல் எந்தத் தகடு ஆடும்?

எங்கள் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், முத்துராமன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பதிலாக இரண்டு பக்கம் தன் கையாலேயே எழுதி விசாரணை செய்கிறவர்களிடம் கொடுத்தாராம். காற்று அடித்ததையும், ஹனீபாவை அந்த மூலையில் நிறுத்தியது தான்தான் என்பதையும், நீட்டிய கையை இறக்கியதும் தான்தான் என்பதையும் எழுதினாராம். ஹனீபாவின் மேலிருந்த பழி போய்விட்டது. சிகிச்சை இங்கேயே தொடர்கிறது. முத்துராமனின் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. போன வியாழக்கிழமை திருச்சி விமானத்தில் ஏறிவிட்டார்.

போகுமுன் உங்களைப் பார்த்து நன்றி சொல்லச் சொன்னார் லாத்தா என்றான் ஹனீபா.

எனக்கு எதற்கு நன்றி என்றேன்.

"அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுரத்தான் ஆசை லாத்தா. பொண்ணு ப்ளஸ் டூ, இன்னும் ரெண்டு வருசம் இங்க இருந்தா அது காலேஜ்ல ஏறிக்கும். காத்து இல்லாம ஆடுறதுக்கு ஏதாவது ஒரு காரணம் கெடச்சா, நிம்மதியாப் போட்டுரலாம்னு தேடிக்கிட்டே இருந்தார். மந்திரமெல்லாம் பேசுற எடம், படிச்சவங்க இருக்காங்க, இங்க கெடைக்கும்னு நெனச்சார். அன்னைக்கு நீங்க பேசுனப்ப எங்க மேனேஜர் பேசுற மாதிரியே இருந்துச்சாம். வார்த்தகூட மாறலயாம். அதைக் கேட்டுட்டு எப்படிய்யா கையெழுத்துப் போடுறதுன்னார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இதில் குத்தல் இருக்கிறதா என்று அவன் முகத்தைத் துருவிப் பார்த்தேன். பதினோரு வருஷம் பழகிய கண். ஒன்றும் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்வதற்காக ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

வாப்பா அவனுக்குத் தே வரவழைத்துக் கொடுத்தார். அதை ஊதிக் குடித்துக்கொண்டே அவன் மாடிப்படியை எட்டிப் பார்த்தான்.

"லாத்தா, உங்களுக்குக் கீழ எத்தன பேர் வேலை பாக்குறாங்க?"

"யாரும் இல்ல தம்பி," என்றேன். "சும்மா விளையாடிக்கிட்டு இருந்தோம்."